அழைத்தவரே ஊட்டுகிறார்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30-5:2, யோவான் 6:41-51



முதல் வாசகத்தில் எலியா சாவைக் கேட்கிறார். இவர் யார்? இதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்று வென்றவர். அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் அரசி ஈசபேல் ஆள் அனுப்பி மிரட்டுகிறாள். உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளனை விட்டுவிட்டு, பாலைநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, இனிப் போதும், உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இந்த நிலையில் ஒருவர் நம்மிடம் வந்தால் நாம் என்ன செய்வோம்? புத்தி சொல்வோம். விசுவாசம் குறைந்துவிட்டது என்போம். ஒரு நவநாள் செய்யச் சொல்வோம். ஆண்டவரின் தூதர் இதில் எதையும் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறார். தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். எலியா எழுந்து, சாப்பிட்டு, குடித்து, மறுபடியும் படுத்துவிடுகிறார்! அதற்கும் திட்டு இல்லை. தூதர் இரண்டாம் முறை வந்து தட்டுகிறார், இரண்டாம் முறையும் சாப்பிடச் சொல்கிறார். அப்போதுதான் காரணம் சொல்கிறார்: இன்னும் போக வேண்டிய வழி உன் பலத்துக்கு மிஞ்சியது. அந்த உணவின் பலத்தில் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து கடவுளின் மலையாகிய ஓரேபை எலியா அடைகிறார்.

எலியாவுக்கு அழைப்பில் ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இறைவாக்கினராக அழைக்கப்பட்டவர், அழைப்புக்கு உண்மையாக இருந்தவர். இருந்தும் வயிறு காய்ந்தபோது விழுந்துவிட்டார்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நம் உடலுக்குள் நடக்கும் ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. கோவிலில் அறிவியல் பேச ஆரம்பித்தால் பின் வரிசையில் சிலருக்குக் கொட்டாவி வரும். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். கை வைத்தால் வலிக்கும். அங்கே இருப்பவை நிணநீர்க் கணுக்கள். நம் உடலின் காவலர்களான வெள்ளை அணுக்கள் கூடும் இடங்கள். அந்த வெள்ளை அணுக்களில் டி-செல் என்று ஒரு வகை உண்டு. இன்னும் வேலைக்கு அழைக்கப்படாத டி-செல் மிகச் சிறியது. தலைமுடி ஒன்றின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது அதிகம் சாப்பிடாது, வளராது, பெருகாது. ரத்தத்திலும் கணுக்களிலும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில். ஒவ்வொரு டி-செல்லுக்கும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும்தான் தெரியும். நம் உடலுக்குள் புதிதாக நுழைந்த ஒரு கிருமியை அடையாளம் காணக்கூடியது லட்சத்தில் ஒன்று இருக்கலாம், பத்து லட்சத்தில் ஒன்று இருக்கலாம்.

காயம்பட்ட இடத்திலிருந்து வேறொரு வகை அணு கிருமியின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு கணுவுக்கு வருகிறது. வழியில் தட்டுப்படும் டி-செல்கள் ஒவ்வொன்றிடமும் அதைக் காட்டுகிறது. பெரும்பாலானவை கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒன்று மட்டும் நின்றுவிடும். அந்த அடையாளம் அதற்கானது. அதுதான் அதன் அழைப்பு.

அழைப்பு வந்தவுடன் அது போருக்கு ஓடிவிடுகிறது என்று நினைத்தால், இல்லை. முதலில் அது சாப்பிடுகிறது.

ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அதற்கு இதுதான் வேலை. தன் மேல்தோலில் அதுவரை பெயருக்கு மட்டும் இருந்த வாசல்களை வேண்டிய அளவுக்குப் புதிதாகக் கட்டி நிறைக்கிறது. சர்க்கரைக்கு ஒரு வாசல், குளுட்டமினுக்கு ஒரு வாசல், லூசின், மெத்தியோனின், டிரிப்டோபான் போன்ற பெரிய அமினோ அமிலங்களுக்கு ஒரு வாசல். அமினோ அமிலம் என்பது புரதத்தைக் கட்டும் கல். பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் இருப்பது. இந்தக் கற்களை உள்ளே இழுத்து, அணு பருத்து, அதன் பிறகே இரண்டாகப் பிரிகிறது. பிரியத் தொடங்கினால் நாளுக்கு இரண்டு மூன்று முறைகூடப் பிரியும். ஒரு வாரத்தில் ஒன்று ஆயிரக்கணக்காகிவிடும். நெறி கட்டி வலிப்பதற்கு இந்தப் பெருக்கமும் ஒரு காரணம்.

ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ பல்கலைக்கழகத்தில் டோரீன் கான்ட்ரெல் என்னும் அறிவியலாளரின் குழு 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. லூசின் உள்ளே வரும் அந்த வாசலுக்கு லேட்-1 என்று பெயர். எலிகளின் டி-செல்களில் அந்த ஒரு வாசலை மட்டும் இல்லாமல் செய்துவிட்டுப் பார்த்தார்கள். அழைப்பைக் கேட்கும் காது, அதாவது கிருமியை அடையாளம் காணும் ஏற்பி, அவற்றுக்கு இருந்தது. வாசல்தான் இல்லை. அந்த அணுக்களால் பெருக முடியவில்லை. போர்வீரர்களாக மாறவும் முடியவில்லை. இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: ஒரு முறை ஊட்டினால் போதாது, லூசின் விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். எலியாவை இரண்டு முறை எழுப்பிய தூதரை இங்கே நான் நினைத்துக்கொள்கிறேன்.

லூசின் வெறும் கல் மட்டுமல்ல, அது ஒரு செய்தியும்கூட. அணுவுக்குள் லூசின் வந்துசேர்ந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் மட்டுமே வளர அனுமதி தரும் ஒரு பொறி இருக்கிறது. எம்டார் என்பார்கள். அதை அடக்கும் மருந்து ஒன்று உண்டு, ராபமைசின். அது கிடைத்த இடம் பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் ஈஸ்டர் தீவு. 1722ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று டச்சு மாலுமிகள் கண்டதால் அந்தப் பெயர் வந்தது. 1964இல் கனடாவிலிருந்து போன ஒரு மருத்துவக் குழு அந்தத் தீவின் மண்ணைக் கொண்டுவந்தது. அதிலிருந்த நுண்ணுயிரிலிருந்து இந்த மருந்தை எடுத்தார்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதைக் கொடுப்பதுண்டு. டி-செல்லுக்கு அழைப்பு வருகிறது, உணவும் கண்முன்னே இருக்கிறது, ஆனால் உணவு வந்துசேர்ந்தது என்ற செய்தி போய்ச் சேருவதில்லை. அதனால் அது புதிய சிறுநீரகத்தை எதிரியாகப் பார்த்தாலும் படை திரட்ட முடியாமல் நிற்கிறது.

நாம் இங்கே பேச வேண்டியது இதுதான். நம் திருச்சபையில் அழைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் இந்தப் பீடத்திலிருந்து யாரையாவது அழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மறைக்கல்வி ஆசிரியராக வாருங்கள், பாடகர் குழுவுக்கு வாருங்கள், அன்பியப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், நோயாளிகளைச் சந்தியுங்கள், பகைவரை மன்னியுங்கள். இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் கேட்பதும் சின்ன வேலை அல்ல. மனக்கசப்பு, சீற்றம், சினம், கூச்சல், பழிச்சொல் எல்லாவற்றையும் விட்டொழித்து, கடவுளைப் போல ஆகச் சொல்கிறார். காது உள்ளவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் சூரைச் செடியின் அடியில் இருக்கிறார்கள். அப்போது நாம் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுகிறோம். அவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பங்குப் பேரவையில் ஒரு கேள்வியாவது எழுந்ததுண்டா? ஐந்தாண்டாகத் தனியாக வகுப்பு எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயிற்சி, ஒரு புத்தகம், ஒரு மாற்று ஆள், ஒரு நன்றி? அழைப்பை இன்னும் உரத்த குரலில் சொல்வது இதற்குத் தீர்வாகாது. டண்டீ எலிகளின் டி-செல்களை எத்தனை முறை அழைத்திருந்தாலும் அவை எழுந்திருக்க முடியாது.

நற்செய்திக்கு வருவோம். யூதர்கள் முணுமுணுக்கிறார்கள். இவர் யோசேப்பின் மகன்தானே, இவருடைய அப்பா அம்மாவை நமக்குத் தெரியாதா, விண்ணகத்திலிருந்து இறங்கி வந்தேன் என்று இவர் எப்படிச் சொல்லலாம் என்கிறார்கள். இயேசு அதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. கடைசியில் இன்னும் கடினமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறார்: உலகு வாழ்வதற்காகத் தாம் தரும் உணவு தம்முடைய சதைதான்.

சதை என்ற சொல்லைக் கேட்டு அன்று பலர் முகம் சுளித்தார்கள், அடுத்த வாரம் வாசிக்கப்போகிறோம். ஆனால் நம் உடல் அதை அறியும். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பாருங்கள். கன்னம் ஒட்டியிருக்கும், தோள் எலும்பு துருத்தியிருக்கும், சட்டை தொளதொளவென்று தொங்கும். சாப்பிடவில்லை, அதனால் மெலிந்துவிட்டார் என்போம். அது பாதி உண்மைதான். அந்தப் பத்து நாளும் வெள்ளை அணுக்களுக்குப் பசி. வாய் வழியாக ஒன்றும் வரவில்லை. அப்போது உடலின் தசைகள் தங்கள் புரதத்தைத் தாங்களே உடைத்து, அமினோ அமிலங்களாக்கி ரத்தத்தில் விடுகின்றன. குறிப்பாகக் குளுட்டமின், ரத்தத்தில் மிக அதிகமாக ஓடும் அமினோ அமிலம் அதுதான், அதைப் பெருமளவில் தருவது தசைதான். காவலுக்குப் போகிறவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று உடல் தன் சதையைக் கொடுத்து அவர்களை வாழவைக்கிறது. இதைவிட நெருக்கமாக இன்றைய நற்செய்தியை விளக்க எனக்குத் தெரியவில்லை. நற்கருணையில் ஆண்டவர் தருவது கைவசம் மிஞ்சியதை அல்ல.

லேட்-1 வாசலைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அது சும்மா திறந்து கிடக்கும் வாசல் அல்ல. உள்ளேயிருந்து ஒரு குளுட்டமினை வெளியே விட்டால்தான் வெளியேயிருந்து ஒரு லூசினை உள்ளே விடும். அந்தக் காலத்து உப்பு வணிகர் தெருவில் வண்டியை நிறுத்தி, நெல்லைக் கொட்டினால்தான் உப்பை அளந்து போட்டதைப் போல. இதைக் கேட்டதும், கொடுங்கள் உங்களுக்குக் கொடுக்கப்படும் என்று நான் காணிக்கைப் பிரசங்கத்துக்குத் தாவப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. என்னைக் கவர்ந்தது வேறு. வெளியே கொடுப்பதற்கு அந்தக் குளுட்டமின் அணுவுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வேறொரு வாசல் வழியாக, ஏற்கெனவே பெற்றுக்கொண்டது. அதாவது, கொடுப்பதற்கே முதலில் பெற்றிருக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும் அம்மாக்களிடம் நாம் கொடுங்கள், இன்னும் கொடுங்கள் என்றுதான் பிரசங்கம் வைக்கிறோம். வீடு சந்திக்கப் போகும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்டால், எனக்கென்ன சாமி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருக்கிறதைச் சாப்பிட்டுக்குவேன் என்கிறார்கள். அதைத் தியாகம் என்று நான் புகழப்போவதில்லை. எலியாவிடம் அந்தத் தூதர் மிச்சம் இருந்தால் சாப்பிடு என்று சொல்லவில்லை.

இயற்கையில் நடப்பதையெல்லாம் நன்னெறிப் பாடமாக்கிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே லேட்-1 வாசலைப் பல புற்றுநோய் அணுக்களும் தங்கள் மேல் ஏராளமாக வைத்துக்கொள்கின்றன. அவையும் சாப்பிடுகின்றன, அசுரத்தனமாக. யாரும் அவற்றை எதற்கும் அழைக்கவில்லை. சாப்பிடுவதும் பெருகுவதுமே அவற்றின் வேலை. உண்பது புனிதமாவது எதற்காக உண்கிறோம் என்பதில் இருக்கிறது. எலியா உண்டது ஓரேபுக்குப் போக.

சில நேரம் உணவு கிடைக்காமல் போவதும் அருளாக இருக்கலாம். வரும் 15ஆம் தேதி அன்னை மரியாவின் விண்ணேற்பு விழா. அன்றைய நற்செய்தியில் கருவுற்ற இரண்டு பெண்கள் சந்தித்துக்கொள்கிறார்கள், வயிற்றுக்குள் குழந்தை துள்ளுகிறது. ஒரு தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை பாதி தந்தையின் அடையாளம் கொண்டது. தாயின் டி-செல்களின் கணக்குப்படி அது அந்நியம். ஒட்ட வைத்த சிறுநீரகத்தையே தாக்கும் அணுக்கள், குழந்தையை ஏன் விட்டுவைக்கின்றன? இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை 1998இல் அமெரிக்காவில் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் ஆகியோரின் குழு எலிகளில் கண்டது. நஞ்சுக்கொடிப் பக்கத்து அணுக்கள் ஒரு நொதியை உண்டாக்கி, அங்கே இருக்கும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடுகின்றன. அந்த இடத்தில் தாயின் டி-செல்களுக்கு அந்த உணவு கிடைக்காது; அதனால் அவை பெருகுவதில்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தபோது, வேறு இனத் தந்தையின் கருக்களைத் தாய் எலிகள் இழந்தன. ஒரு சிறு இடத்தில் கடைப்பிடிக்கப்பட்ட நோன்பால் ஒரு உயிர் பிழைக்கிறது. திருச்சபை நம்மைச் சில காலங்களில் நோன்பிருக்கச் சொல்வதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். நம் கோபத்துக்குத் தீனி போடாமல் இருப்பதையும் பவுலடியார் இன்று கேட்கிறார். ஆனால் நோன்பு வேறு, பசி வேறு. உணவு இருப்பவர் நோன்பிருக்கலாம். இல்லாதவரிடம் அதைப் பேசக்கூடாது.

அந்தப் பசியைப் பற்றித்தான் நான் கடைசியாகப் பேச விரும்புகிறேன். நம் உடல் எல்லா அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளாது. புரதம் கட்ட 20 வகை வேண்டும். அவற்றில் 9 வகையை நாம் உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். லூசினும் டிரிப்டோபானும் மெத்தியோனினும் அந்த ஒன்பதில் சேர்ந்தவை. டி-செல் எத்தனை வாசல் கட்டினாலும், தட்டில் இல்லாதது ரத்தத்தில் நெடுநாள் இருக்காது. தசையைக் கரைத்துக் கொடுக்கலாம் என்றால், பிறந்ததிலிருந்து அரை வயிற்றோடு வளர்ந்தவரிடம் கரைக்கத் தசை எங்கே இருக்கிறது?

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்னும் மருத்துவத் தம்பதியர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காசநோய் வந்தவர்களின் வீட்டில் கூட இருக்கும் 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்தவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. டி-செல்கள் பலமாக இருந்தால் கிருமியை ஒரு மூலையில் அடைத்துவைத்துவிடும். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். புது மருந்தோ தடுப்பூசியோ இல்லை. 2023இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகையை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியளவு, 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும்!

உண்ண உணவின்றி இருக்கும் சகோதரனிடம், போய்ப் பசியாறிக்கொள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பும் விசுவாசத்தை யாக்கோபு தம் திருமுகத்தில் செத்த விசுவாசம் என்கிறார். நம் பங்கில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்காக நாம் மன்றாட்டும் வாசிக்கிறோம். அரசு 2018 முதல் அவர்களுடைய வங்கிக் கணக்கில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் போட்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியிருக்கிறது. அது நோயாளிக்கு. அவரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்?

வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் பேசியிருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து அந்த வீடுகளுக்கு அரிசியோடு துவரம்பருப்பு, கடலை, முட்டை ஆகியவை போகும். அரிசி மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று திரும்பக் கூடாது. காரணம் இப்போது உங்களுக்கும் தெரியும். அன்பியத் தலைவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் எனக்குத் தனியாகத் தாருங்கள். யாருடைய பெயரும் அறிவிப்புப் பலகைக்கு வராது. கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் அந்த வீட்டு அம்மா சாப்பிட்டாரா என்று ஒரு முறையும், இரண்டாம் முறையும் கேளுங்கள்.

வயதானவர்களுக்கு ஒன்று. காலைத் திருப்பலிக்கு வெறும் வயிற்றோடு வந்து, சர்க்கரை மாத்திரையையும் போடாமல், நடுவில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறீர்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம் என்பதே பொதுவான ஒழுங்கு. முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் அந்த ஒரு மணி நேரமும் கட்டுப்படுத்தாது என்று திருச்சபைச் சட்டம் 919 சொல்கிறது. மாத்திரைக்கும் தண்ணீருக்கும் யாருக்குமே தடை கிடையாது. அடுத்த ஞாயிறு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.